நெற்றி நிலத்தில் படும்வரை

யாத்திரை முடிந்து மொன்றியல் திரும்பிய பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, வீட்டுச் சாமிப் படங்களுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். நெற்றி நிலத்தில் பட்டதும் நிலம் அசைந்தது.

திடுக்கிட்டு எழும்பி விளக்கைப் பார்த்தேன். சுடர் நேராக நின்றது. செம்புத் தண்ணீரும் ஆடவில்லை. குசினிக்குள் என் கணவர் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு நின்றார்.

“இஞ்சேருங்கோ, இப்ப நிலம் ஆடினதே?”

“இல்லையே. மேல் வீட்டுச் சனம் கட்டிலைக் கிட்டிலை இழுத்திருக்குங்கள்.”

மேல் வீட்டுச் சனம் அன்று ஊரிலேயே இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

என் வருத்தம் (நோயைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம்) இப்படித்தான் தொடங்கியது. நான் அதிகம் படித்தவள் அல்ல. டவுன்டவுனில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பும் துவாயும் தோய்க்கிற பகுதியில் நெடுங்காலம் வேலை செய்தவள். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதே வருத்தத்தோடு யாராவது ஒரு வீட்டுக்குள், ‘எனக்கு விசர்தான் பிடித்துவிட்டதோ’ என்று வெளியில் சொல்லாமல் இருக்கக்கூடும். அவருக்காக எழுதுகிறேன். அவரை வைத்துப் பார்க்கிறவருக்காகவும்.

நேபாளத்தில் பெரிய பூமி அதிர்ச்சி வந்தபோது நானும் கணவரும் அங்கே இருந்தோம். காசி பார்த்து, பசுபதிநாதரையும் தரிசித்து வருவோம் என்று ஒரு குழுவோடு போயிருந்தோம். விடுதியில் சாப்பிட்டுக்கொண்டு இருந்தபோது நிலத்துக்குள் இருந்து ஒரு இரைச்சல் வந்தது. மற்றவர்களுக்கு அது எப்படிக் கேட்டதோ தெரியாது. எங்கள் இருவருடைய காதுக்கும் அது குண்டு போட வருகிற விமானம்.

“பங்கருக்க ஓடும்!” என்று கணவர் கத்திக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்தார். எங்கள் ஊரில் போர்க்காலத்தில் வீட்டு வளவுக்குள் வெட்டி வைத்திருந்த பதுங்கு குழியைத்தான் பங்கர் என்போம்.

எல்லாரும் வெளி முற்றத்துக்கு ஓடினார்கள். நாங்கள் இருவர் மட்டும் கீழே ஓடினோம். அந்த விடுதியில் பங்கர் ஏது? அரிசி மூட்டையும் எண்ணெய்த் தகரமும் அடுக்கிய ஒரு நிலவறை இருந்தது. அதற்குள் போய், பழைய பழக்கப்படி வாயைத் திறந்து காதைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்தோம். மேலே படிக்கட்டு இடிந்து விழுந்து வழி அடைபட்டது.

குப்புறப் படுத்த பிறகுதான் எனக்கு விளங்கியது, அடி மேலே இருந்து வரவில்லை. நான் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்த நிலமே என்னை அடித்தது. ஓய்ந்துவிட்டது என்று மூச்சை விட்டால் திரும்பவும் அடித்தது. மீள் அதிர்வு (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு விட்டு விட்டு வருகிற சின்ன அதிர்ச்சிகள்) என்ற சொல்லைப் பிறகுதான் அறிந்தேன். அந்த இருட்டுக்குள் அதற்குப் பெயர் இல்லை.

அங்கே கிடந்துதான் நேர்த்தி வைத்தேன். “முருகா, என்னையும் இந்த மனிசனையும் வெளியால எடுத்துவிடு. தேருக்கு உன்ர வீதி முழுக்க அடி அழிச்சுக் கும்பிடுறன்.”

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கோயில்களில் தேரன்று ஆண்கள் வீதியில் உருண்டு பிரதட்டை செய்வார்கள். பெண்கள் பின்னால் அடி அழிப்பார்கள். ஓர் அடி வைத்து, முழந்தாளில் இருந்து, நெற்றி நிலத்தில் படக் கும்பிட்டு, எழும்பி அடுத்த அடி வைக்க வேண்டும். கோயிலைச் சுற்றி முடியும்வரை இப்படித்தான்.

மறுநாள் விடுதிக்காரரும் அயல் சனமும் கையாலேயே கல்லை அள்ளி எங்களை எடுத்தார்கள். முற்றத்துக்கு ஓடியவர்களில் அநேகம் பேர் தப்பியிருந்தார்கள். மதில் பக்கம் நின்ற சிலர் தப்பவில்லை. ஆகவே நாங்கள் கீழே ஓடியது சரியா பிழையா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. நானும் கணவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

எங்கள் வீடு பாதி நிலத்துக்குள் இருக்கிறது. யன்னலால் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் சப்பாத்துத்தான் தெரியும். அதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. குளிருக்கு அடக்கமான வீடு. ஆனால் திரும்பி வந்த பிறகு வந்த முதல் பனியில், யன்னல் மூடப்பட்டபோது எனக்கு மூச்சு நின்றுவிட்டது. கணவர் ஓடிப்போய் வெறுங்கையால் பனியை விலக்கினார். அதன் பிறகு குளிர்காலம் முழுக்க அவருக்கு அது ஒரு வேலையாகப் போனது.

இந்த நகரத்தில் குளிர்காலம் என்றால் பாதி வாழ்க்கை நிலத்துக்குக் கீழேதான். மெற்றோ கீழே, கடைகள் கீழே, நான் வேலை செய்த இடமும் ஹோட்டலின் அடித்தளத்தில். மெற்றோ வரும்போது மேடை இலேசாக நடுங்கும். முன்பு அதைக் கவனித்ததில்லை. இப்போது அந்த நடுக்கம் உள்ளங்காலால் ஏறி வயிற்றில் வந்து நின்றது. ஒரு காலை, இரண்டு நிலையங்களுக்கு நடுவில் வண்டி நின்றுவிட்டது. நான் எழும்பிக் கதவில் அடிக்கத் தொடங்கினேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண், “மதாம், மதாம்” என்று என் முதுகைத் தடவினா. அன்றோடு நான் வேலைக்குப் போவது நின்றது.

பனி அள்ளும் நாட்களில் தெருவில் நிற்கிற கார்களை எடுக்கச் சொல்லி இழுவை வண்டி சைரன் அடித்துக்கொண்டு வரும். பின்னால் பெரிய இயந்திரங்கள் வரும். சைரனும் அதிர்வும் ஒன்றாக வரும்போது நான் குளிர் ஜாக்கெட்டோடு வாசல் கதவடியில் நிற்பேன். படுக்கும்போதும் சப்பாத்தைக் கழற்றுவதில்லை.

அதே நிலவறைக்குள் அதே மூட்டைகளுக்கு நடுவில் கிடந்த என் கணவரோ குறட்டை விட்டுத் தூங்கினார். அதைப் பார்க்க எனக்குக் கோபம் வரும். எனக்கு ஆடுகிற நிலம் இவருக்கு ஏன் ஆடவில்லை?

மகள் அபி என்னைக் குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனாள். லிஃப்டில் ஏறமாட்டேன் என்று நான் சொன்னதால் படியால் ஏறினோம். உட்காது (காதுக்குள்ளே உடம்பின் சமநிலையைப் பார்க்கிற பகுதி) பழுதோ என்று சோதித்தார்கள். தலையைப் படம் எடுக்கிற குழாய்க்குள் போக முடியாமல் முதல் தடவை திரும்பி வந்தேன். பிறகு மருந்து தந்து எடுத்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். நன்றாக இருக்கிறது என்று கேட்டு நான் அழுதேன். ஏதாவது பழுது என்றால் திருத்தலாம் அல்லவா?

வைத்தியர் என் பிறந்த இடத்தைக் கணினியில் பார்த்துவிட்டு ஏதோ கேட்டா.

“அம்மா, வோர்ல உங்களுக்கு என்ன நடந்தது எண்டு கேக்கிறா,” என்றாள் அபி.

“எல்லாருக்கும் நடந்ததுதான் எனக்கும் நடந்தது எண்டு சொல்லு.”

“அப்பிடிச் சொல்லேலாது, அம்மா.”

“வேற எப்பிடிச் சொல்லுறது? நான் போரைப் பற்றிக் கதைக்க வரேல்லைப் பிள்ளை. நிலம் ஆடுது எண்டு சொல்லு.”

அபி சொன்னாள். வைத்தியர் தலையாட்டிவிட்டுத் திரும்பவும் போரைப் பற்றித்தான் கேட்டா. அவவில் பிழையில்லை. எங்கள் ஆட்களைக் கண்டால் அவர்களுக்கு முதலில் அதுதான் ஞாபகம் வரும். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு (ஆபத்து முடிந்த பிறகும் அது முடியவில்லை என்று உடம்பு நம்பிக்கொண்டிருக்கிற நோய்) என்று எழுதினா. குளிசை தந்தா. மனநோய் பார்க்கிற இடத்துக்கும் எழுதி அனுப்பினா. அங்கே இடம் கிடைக்க நெடுநாள் எடுக்கும் என்றார்கள்.

காத்திருந்த காலத்தில் கோடை வந்தது, தேரும் வந்தது. அதற்கு முன்பே மச்சாள் (கணவரின் தங்கச்சி) டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் இருந்து அடிக்கடி தொலைபேசி எடுக்கத் தொடங்கியிருந்தா. அவவின் வீட்டுக்குக் கிட்டத்தான் முருகன் கோயில்.

“நேர்த்தியை வைச்சுக்கொண்டு குளிசை விழுங்கினா மாறுமே? தேருக்கு வந்து அடி அழியும். எல்லாம் பறந்திடும்.”

அவவின் சொல் எனக்குள் ஏறிவிட்டது. ஏனென்றால் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடவுளுக்குச் சொன்னதைச் செய்யாமல் இருக்கிறேன், அதனால்தான் நிலம் என்னை விடவில்லை என்று.

தேரன்று கோயில் வீதியில் நின்றேன். வடம் பிடித்து இழுக்கிறார்கள், அரோகரா கேட்கிறது. முதல் அடி வைத்து முழந்தாளில் இருந்தேன். குனிந்தேன். தார் வீதி என் முகத்துக்குக் கிட்ட வர வர அசையத் தொடங்கியது. நெற்றி படவில்லை. எழும்பிக் கார் நிற்கிற பக்கம் ஓடினேன். காருக்குள் ஏறியும் கதவைச் சாத்த விடவில்லை. கதவு திறந்தபடியே இருக்க, தேர் சுற்றித் தன் இருப்பிடத்துக்கு வரும்வரை அங்கே இருந்தேன்.

என் நிலை அன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது. நேர்த்தியைச் செய்யாமல் வருத்தம் மாறாது. வருத்தம் மாறாமல் நேர்த்தியைச் செய்ய முடியாது. நேபாளத்தில் கல்லை அள்ள ஆட்கள் வந்தார்கள். இதற்கு யார் வருவார்கள்?

இலையுதிர் காலத்தில் உளவியலாளரிடம் இடம் கிடைத்தது. இளம் பெண். மொழிபெயர்க்க ஒரு சென்னைப் பிள்ளை வந்திருந்தா. உளவியலாளர் போரைப் பற்றிக் கேட்கவில்லை. எது உங்களுக்குச் செய்ய முடியாமல் இருக்கிறது என்று கேட்டா.

“நேர்த்தி செய்யேலாமல் இருக்கு,” என்றேன்.

மொழிபெயர்க்க வந்த பிள்ளை என்னைப் பார்த்தா. “நேர்த்தின்னா என்னம்மா?”

“கடவுளுக்குச் சொல்லி வைக்கிறது.”

“ஓ, வேண்டுதலா! சொல்லிடறேன்.”

அடி அழிப்பது எப்படி என்று விளங்கப்படுத்த முடியாமல் எழும்பிச் செய்து காட்டினேன். நெற்றி நிலத்துக்குப் போகிற இடத்தில் நின்றுவிட்டேன். உளவியலாளர் அதைக் கூர்ந்து பார்த்தா.

“முருகன் காத்திருப்பாரான்னு கேக்கறாங்க,” என்றா அந்தப் பிள்ளை.

“அவர் காத்திருப்பார். என்ர மச்சாள்தான் காத்திருக்கமாட்டா.”

சென்னைப் பிள்ளை சிரித்துச் சிரித்து மொழிபெயர்த்தா. உளவியலாளரும் சிரித்தா. அன்றைக்குத்தான் நான் ஒரு கேள்வி கேட்டேன். மொன்றியலில் நிலம் ஆடாதுதானே? ஆடாது என்று சொல்லுவா என்று நினைத்தேன். அவ, இங்கேயும் எப்போதாவது சின்னதாக ஆடுவதுண்டு, ஆடாது என்று என்னால் வாக்குத் தர முடியாது என்றா. நான் கேட்க வந்த பதில் அது அல்ல. ஆனாலும் இந்த மனிசி எனக்குப் பொய் சொல்லமாட்டா என்று அப்போதுதான் நம்பினேன்.

பிறகு நானாகவே போர்க் கதையைச் சொன்னேன். ஷெல் அடிக்கும்போது நிலத்தோடு நிலமாக ஒட்டிக்கொண்டு கிடப்போம். முகத்தில் மண் ஒட்டினால் உயிரோடு இருக்கிறோம் என்று அர்த்தம். வானம் எதிரியாக இருந்த காலத்திலும் நிலம் எங்கள் பக்கம் இருந்தது. அந்த நிலம் அன்று நேபாளத்தில் என்னை அடித்துவிட்டது. இனி நான் எதில் விழுந்து கும்பிடுவது? இதைச் சொல்லும்போது எனக்குக் கண்ணீர் வரவில்லை. சென்னைப் பிள்ளைக்கு வந்தது.

ஒரு நாள் உளவியலாளர் கணவரையும் கூப்பிட்டா. அவர் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு இருந்தார். துறைமுகத்தில் பார லொறி ஓட்டிய மனிசன். வீட்டில் சிவபுராணம் படிக்கும்போது தவிர அவர் சத்தமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு அவர் வேறொன்றைச் சொன்னார்.

“நான்தான் இவவைக் கீழ இழுத்துக்கொண்டு போனனான். வெளியால ஓடியிருந்தா இந்த வருத்தம் வந்திராது. அதை இவ ஒரு நாளும் எனக்குச் சொல்லிக் காட்டேல்லை. அதுதான் எனக்குத் தாங்கேலாமல் இருக்கு.”

மொழிபெயர்ப்பு முடியும்வரை நான் பொறுக்கவில்லை.

“இஞ்சேருங்கோ, நீங்கள் இழுக்காட்டி நான் உங்களை இழுத்திருப்பன். எனக்கும் அது பிளேன்தான்.”

“மெய்யாவோ?”

“பின்ன? என்ர கால் உங்களுக்கு முதலே படியில நிண்டது.”

 அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குறட்டை விட்ட மனிசன் இத்தனை நாளும் எதன் மேல் படுத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சிகிச்சைக்குப் படிப்படியாக எதிர்கொள்ளல் (பயப்படுகிற விடயத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டப் போய்ப் பழகுவது) என்று பெயர். முதலில் வீட்டு நிலத்தில் சும்மா இருக்க வேண்டும். பிறகு உள்ளங்கையை வைக்க வேண்டும். பிறகு தலையணை மேல் நெற்றி, பிறகு மடித்த துவாய் மேல் நெற்றி. ஆடத் தொடங்கினால் எழும்பி ஓடக் கூடாது. கண்ணைத் திறந்து ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டு, அது ஏறி இறங்கும்வரை இருக்க வேண்டும். ஓடினால் உடம்பு தப்பிவிட்டோம் என்று நினைக்குமாம். இருந்தால்தான் ஆபத்து இல்லை என்று படிக்குமாம்.

சொல்லச் சுகம், செய்வது கடினம். சில நாள் உள்ளங்கைக்கு மேல் போக முடியாது. துவாய்வரை வந்த பிறகு ஒரு பனி நாள் இழுவை வண்டியின் சைரன் கேட்டு, பழையபடி ஜாக்கெட்டோடு கதவடிக்குப் போய்விட்டேன். எல்லாம் போய்விட்டது என்று அழுதேன். “அம்மா, நேற்று வரைக்கும் செய்தது எங்கயும் போகாது,” என்று அபி எனக்குப் பக்கத்தில் தானும் நெற்றியை வைத்துப் படுத்துக் காட்டினாள். அவளுக்குத் தமிழ் கதைப்பதைவிடப் பிரெஞ்சு சுகம். ஆனால் கும்பிடுவது எங்கள் மாதிரித்தான் கும்பிடுவாள்.

திரும்பவும் கோடை வந்தது. தேருக்கு முதல் நாள் கணவர் சொன்னார்.

“இந்த முறை நான் முன்னால உருளுறன். நீர் பின்னால வாரும்.”

“உங்களுக்குச் சீனி வருத்தம். உருண்டா தலை சுத்தி விழுவியள்.”

“உருளுற மனிசன் எங்க விழுறது? ஏற்கெனவே நிலத்திலதானே கிடக்கிறன்.”

தேரன்று வீதியில் தண்ணீர் அடித்து விட்டிருந்தார்கள். கணவர் வேட்டியை இறுக்கிக் கட்டி, கையைத் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு படுத்தார். உருளத் தொடங்கினார். நான் முதல் அடி வைத்தேன். முழந்தாள். குனிந்தேன். தார் கிட்ட வந்தது, அசைந்தது. ஈரத்தில் ஒட்டியிருந்த ஒரு பூவிதழைப் பார்த்துக்கொண்டு நெற்றியை வைத்தேன். நிலம் ஆடியது. எழும்பவில்லை.

“அக்கா, எழும்புங்கோ, பின்னால ஆக்கள் நிக்கினம்,” என்றது ஒரு குரல்.

“நீங்கள் விலத்திப் போங்கோ தங்கச்சி. எனக்கு நேரம் எடுக்கும்.”

எல்லாரும் விலத்திப் போனார்கள். தேரும் மூலை திரும்பிப் போய்விட்டது. மேளச் சத்தம் மறுபக்கத்தில் கேட்டது. கோயிலின் பின் வீதிக்கு நாங்கள் வந்தபோது கணவர் உருளுவதை நிறுத்திவிட்டு மல்லாந்து கிடந்தார். நான் கும்பிட்ட தலையைத் தூக்காமல் சரித்துப் பார்த்தேன். முகம் வெளிறி வேர்த்திருந்தார்.

“இஞ்சேரும்,” என்றார். “எனக்கும் ஆடுது.”

“என்ன ஆடுது?”

“நிலம், கோயில், வானம், எல்லாம். இப்பிடியே உமக்கு ஒவ்வொரு நாளும் இருந்தது?”

“ஓம். கண்ணை மூடாதேங்கோ. அந்த மதில் மூலையைப் பாத்துக்கொண்டு கிடவுங்கோ. ஏறும், பிறகு இறங்கும்.”

அவர் மூலையைப் பார்த்தார். நான் தார் வீதியில் நெற்றியை வைத்தேன். இருவருக்கும் ஆடியது. எனக்குச் சிரிப்பு வந்தது. நெற்றி நிலத்தில் இருக்க, வயிறு குலுங்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அபி ஓடி வந்து, தகப்பனுக்கு ஒரு மிடறு பழச்சாறு பருக்கிவிட்டு, “ரெண்டு பேருக்கும் என்ன நடந்தது?” என்று கேட்டாள்.

மிச்ச வீதியை அவர் நடந்து வந்தார். நான் அடி அழித்தே முடித்தேன். தேர் எப்போதோ இருப்புக்கு வந்து, சனம் சாப்பிட்டு, கார்கள் வெளியேறிக்கொண்டு இருந்தன. ஒவ்வொரு காரும் நான் எழும்பும்வரை நின்று போனது.

மச்சாள் சாப்பாட்டுத் தட்டோடு வந்து, “எல்லாம் பறந்திட்டுதே?” என்று கேட்டா.

“இல்லை மச்சாள். இருக்குது,” என்றேன்.  அவ தட்டை என் கையில் தந்துவிட்டு எனக்குப் பக்கத்தில் இருந்தா.

இன்னும் இருக்கிறது. மெற்றோவில் போகிறேன், ஆனால் கதவுக்குக் கிட்ட நிற்பேன். சப்பாத்தைக் கழற்றிப் படுக்கிறேன். சில நாள் படுத்த பிறகு எழும்பித் திரும்பவும் போடுகிறேன். நேர்த்தி முடிந்ததால் வருத்தம் மாறவில்லை. வருத்தம் மாறாமலே நேர்த்தி முடிந்தது. உங்களில் யாராவது அப்படி இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டிருந்தால் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மாறின பிறகு செய்வோம் என்று காத்திருக்க வேண்டாம். ஆடும்போதே செய்யலாம்.

முன்பெல்லாம் ஒரு கும்பிடு என்பது விழுந்து எழும்புகிற நேரம். நான் எழும்பின பிறகுதான் கும்பிட்டேன் என்று நினைப்பேன். இப்போது நெற்றியை வைத்தால் அவசரப்பட முடியாது. நிலம் ஆடினால் ஓயும்வரை கிடக்க வேண்டும். அது ஓய எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்பதும் இல்லை. அந்த நேரத்தில் நெற்றிக்குள் என் இரத்தம் ஓடுவது கேட்கிறது. ஆடுவது நிலமா, நானா என்று சில நாள் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. அப்படியே கிடக்கிறேன்.